டிக்கெட் எடுக்கலாமா, அக்கா?

பிப்ரவரி 3, செவ்வாய்

ஜெயித்தோம். கடைசி நொடியில் பந்து கூடை வளையத்தின் மேல் சுற்றிச் சுற்றி, போனால் போகிறது என்று உள்ளே விழுந்தது. நான் போட்ட கூச்சலில் நெட்டை காதைப் பொத்திக்கொண்டான். "அக்கா, ரேடியோ இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்." ஆடி ஓய்ந்த ஆட்டக்காரன், என் பக்கத்து மைக். பந்து எங்கே போகிறது என்று நான் சொல்வேன். ஏன் போகிறது என்று அவன் சொல்வான்.

இறங்கி வரும்போது கிளப் மேனேஜர் பிடித்துக்கொண்டார். பதினைந்தாம் தேதி ஒரு நிகழ்ச்சி. இருபத்தாறு வருஷமாக வர்ணனை சொல்லும் என்னிடம் ரசிகர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாமாம். அங்கேயே அடுத்த சீசன் டிக்கெட் விற்பனை. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம்."

பெருமையாகத்தான் இருந்தது. என்னிடமே எதற்கு மறைப்பு?

பிப்ரவரி 6, வெள்ளி

தம்பி வந்தான். கிளப்பில் கணக்குப் பார்க்கிறான். டீ ஆறும்வரை கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அந்த டிக்கெட் நிகழ்ச்சிக்குப் போகாத அக்கா. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

ஏன்டா, ஏன்டா என்று பிடுங்கியெடுத்த பிறகு சொன்னான். அணியை விற்றாயிற்று. சீசன் முடிந்ததும் வேறு ஊருக்குப் போகிறது. ஏப்ரல் வரை மூச்சு விடமாட்டார்கள். அதுவரை இங்கே டிக்கெட் விற்பார்கள்.

"வாங்கினவங்களுக்குத் திருப்பித் தருவாங்கல்ல?"

"தரவேண்டியதில்லைன்னு ஷரத்து போட்டிருக்காங்க."

அவன் கையை நீட்டினான். "சத்தியம் பண்ணு. வெளிய தெரிஞ்சா முதல்ல என் தலைதான் உருளும். அவளுக்கு ஏழாவது மாசம், அக்கா."

பண்ணினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தெரியாமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 11, புதன்

வந்த கேள்விகளை மேனேஜர் கொண்டுவந்து கொடுத்தார். தொண்டைக்கு என்ன குடிப்பீர்கள்? (சுடுதண்ணீர். வேறென்ன, அமுதமா?) வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பெயரை எப்படித் தப்பில்லாமல் சொல்கிறீர்கள்? (அவர்களிடமே போய் நாலு தரம் சொல்லச் சொல்வேன். ஒருத்தன் நாலு தரமும் வேறு வேறு மாதிரி சொன்னான்.) ஆட்டத்துக்கு நடுவில் பாத்ரூம் வந்தால்? அட கடவுளே. நம்ம டீம் தோற்கும்போது உங்கள் குரல் எப்படி உடையாமல் இருக்கிறது? உடையத்தான் செய்கிறது. இருமிச் சமாளிப்பேன்.

கடைசிக் கேள்வி மேனேஜர் கைவரிசை. அடுத்த சீசனிலும் உங்கள் குரலைக் கேட்போமா? பதிலையும் அவரே எழுதியிருக்கிறார்: "நான் ரெடி. நீங்க டிக்கெட் எடுத்தாச்சா?"

உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தேன். "ஊசி போட்டுக்கிட்டாவது வாங்க மேடம். பேனர் அடிச்சாச்சு."

பிப்ரவரி 15, ஞாயிறு

முதலில் நன்றாகத்தான் போனது. சிரித்தார்கள். பாத்ரூம் கேள்விக்கு நெட்டை நடித்தே காட்டினான். மேனேஜரின் கேள்வி வந்தபோது, "தொண்டை இருக்கிற வரைக்கும் பேசுவேன்" என்று நழுவினேன். அவர் முகம் சுருங்கியது. போகட்டும், தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அப்போது அந்த சலூன்காரப் பெண் எழுந்தாள். எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை அவள். மைக் கொடுக்கும்வரை காத்திருக்கவும் இல்லை.

"மூணு பிள்ளைங்க, நான். நாலு டிக்கெட்டு. காசு கொண்டாந்திருக்கேன். நீங்க சொன்னா எடுத்துடறேன். எடுக்கலாமா, அக்கா?"

கடைசி வரிசையில் தம்பி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"காசைக் கையிலயே வச்சுக்கோம்மா" என்றேன்.

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு எழுத்துகூட சொல்லல.

மேனேஜர் பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார். "மேடம் ஜோக் அடிக்கிறாங்க." ஒருவரும் சிரிக்கவில்லை. டிக்கெட் மேசை முன்னால் நின்ற வரிசை பின்பக்கத்திலிருந்து கரைந்தது. நான் நிமிர்ந்தபோது தம்பியின் நாற்காலி காலி.

பிப்ரவரி 16, திங்கள்

டீம் போகுதுன்னு சொன்னேனா? இல்லையே. அவன் பேரைச் சொன்னேனா? இல்லையே — யாருகிட்ட இந்த வக்கீல் பேச்சு? சத்தியத்தை மீறினேன். ஏழாவது மாசம்னு சொன்னானே, பாவி நான், அதுவும் காதுல விழுந்துதானே இருந்துச்சு. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்து வேற எதைச் சொல்ல?

தம்பிக்குப் போன் போட்டால் அவன் மனைவி எடுத்தாள். "இப்ப வேணாம் அண்ணி."

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். யார் சொன்னது என்று கேட்டார். எனக்கே தோன்றியது என்றேன். "இனிமே மைக் பக்கம் வராதீங்க."

பிப்ரவரி 19, வியாழன்

நெட்டையை நீக்கிவிட்டார்கள்.

முதலாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன், அவன்தான் என் காதில் ஓதியிருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. போன் பண்ணினான். "நிஜமா டீம் போகுதா அக்கா? எங்கிட்டகூட ஏன் சொல்லல?" வேலை போனதைப் பிறகுதான் சொன்னான்.

ஓடினேன். அவன் இல்லை, அவனுக்குத் தெரியாது என்றேன். "அப்ப யாரு?" என்றார் மேனேஜர், நிதானமாக.

திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 21, சனி

தம்பி வீட்டு வாசல். கதவைப் பாதி திறந்து, உள்ளே விடாமல் நின்றான்.

"நெட்டை மாட்டிக்கிட்டான்டா."

"உன்னாலதானே?"

"என்னாலதான். உன் பேரு என் வாயிலேர்ந்து எப்பவும் வராது. ஆனா நீ என்ன பண்ணப்போறே?"

"போ அக்கா."

கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூட ஆறியிருக்கும். சத்தமே வராமல் சாத்தினான்.

பிப்ரவரி 25, புதன்

இன்று ஆட்டம். ரேடியோவைப் போடவில்லை.

மார்ச் 2, திங்கள்

நெட்டை வந்து சொன்னான். காலையில் தம்பி நேராக மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறான். "சொன்னது நான். நெட்டைக்கு எதுவும் தெரியாது. அந்த ஷரத்தைப் பத்திரிகைக்காரங்ககிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன்." அப்புறம் தன் சாமான்களை ஒரு பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

மாலைக்குள் ஊரே கொதித்தது. விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். நெட்டைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அணி போவது போவதுதான். தம்பிக்கும் எனக்கும் கல்தாதான்.

அவனுக்குப் போன் போடலாமா? போட்டு என்ன சொல்வேன்?

ஏப்ரல் 4, சனி

கடைசி ஆட்டம். டிக்கெட் வாங்கிக்கொண்டு கேலரியில் போய் உட்கார்ந்தேன். நெட்டை மேலே வர்ணனை அறையில் இருந்தான், அவன் பக்கத்தில் ஒரு புதுப் பெண். அவர்கள் பேசுவது இங்கே கேட்காது.

இரண்டாம் பாதி தொடங்கியதும் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. தம்பி. போனைக் கையிலேயே இறுக்கி வைத்திருந்தான். வீட்டிலிருந்து எந்நேரமும் அழைப்பு வரலாம். என் பக்கம் திரும்பவில்லை. நானும் பந்தையே பார்த்தேன்.

விசில் ஒலித்தது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"இப்ப ஏன் நிறுத்திட்டாங்க?" என்றான். ஒன்பது வருஷம் இந்த அணிக்குச் சம்பளப் பட்டியல் போட்டவன், ஒரு ஆட்டம் முழுசாகப் பார்த்ததில்லை.

"ஃபவுல்."

"யாரு பண்ணது?"

"நம்மாளுதான்."

போனை ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

"சரி, இனிமே என்ன ஆகும்?"

"அவங்களுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. அப்புறம் ஆட்டம் தொடரும்."

தலையாட்டினான். சாய்ந்து உட்கார்ந்தான். "மெதுவா சொல்லிட்டே வா. எனக்கு ஒண்ணும் புரியல."

சொல்ல ஆரம்பித்தேன்.