அந்தப் பெண்ணுக்கு ஒரு கத்தி

சிக்னெட், டாஸ்மேனியா
மார்ச், ஞாயிறு பிற்பகல்

அன்பு மகள் கெரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். அங்கே வடக்கே புரூமில் புழுக்கம் கொஞ்சமாவது தணிந்ததா? இங்கே ஆப்பிள் பறிப்பு பாதி முடிந்துவிட்டது. காலைக் குளிரில் அடுப்பு மூட்டாமல் சமையலறையில் நிற்க முடியவில்லை.

அப்பா பெயருக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. போனுக்குத்தான் வரமாட்டேன் என்கிறார், கடிதத்துக்காவது பதில் போடுவாரா என்று கேட்டிருக்கிறாய். ஈஸ்டருக்கு ஆற்றோரம் கூடாரம் போடப் போகிறாய், எந்தக் கத்தியைக் கொண்டுபோவது, தினமும் பையில் வைத்துக்கொள்ள எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். அவர் சொன்ன பதிலை நான் எழுதுகிறேன். அவரே ஏன் எழுதவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அவர்தான், கேட்டுக்கொள்ளத் தெரிந்த நாளில்.

போன கோடையில் மறதி ஆரம்பித்தது. பெயர்கள் மறந்தன, பிறகு வழி மறந்தது. ஆனால் காலையில் சட்டை போட்டதும் கால்சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பது மட்டும் மறக்கவில்லை. அந்தச் சின்ன மடக்குக் கத்தி இருந்தால்தான் வாசல் தாண்டுவார். உனக்குத் தெரியாததா?

ஒருநாள் கூடாரத்துக்குக் கொண்டுபோகும் பெரிய உறைக் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டார். பொட்டலத்தின் கயிற்றை அறுக்க அதை உருவியிருக்கிறார். பக்கத்தில் நின்ற பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறாள். ஊருக்குள் கத்தி கண்ணில் படக் கூடாது என்று உன்னை எத்தனை முறை அதட்டியிருப்பார்! போலீஸ்காரர் டேமியன்தான் வண்டியில் கூட்டிவந்தார். நல்ல பையன், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "என்ன மெர்வ், மீன் பிடிக்கக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டாராம். "ஆமா, உனக்கும் ரெண்டு கொண்டு வரேன்" என்று இவர் சொன்னாராம். வண்டியிலிருந்து இறங்கியபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன்.

வீட்டில் கத்தி எதுவும் கைக்கு எட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். எல்லாவற்றையும் தையல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மடக்குக் கத்தியை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.

உன் கடிதத்தை வியாழக்கிழமை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். கத்திகளைக் கொண்டுவரச் சொன்னார். மேஜைமேல் பரப்பினேன். கெரின், அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பழைய மெர்வ் திரும்பக் கிடைத்தார். ஒவ்வொரு கத்தியையும் எடுத்துக் கட்டைவிரலால் கூர் பார்த்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தினமும் வைத்துக்கொள்ள விரல் நீள அலகு போதும், மடக்குக் கத்தியாக இருக்கட்டும். ஆப்பிள் நறுக்க, கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க அதற்குமேல் எதற்கு? கூடாரத்துக்கு மடக்குக் கத்தியை நம்பக் கூடாது. மூட்டில் மண் புகுந்தால் வேண்டிய நேரத்தில் விரியாது. சுள்ளி பிளந்தால் மூட்டு ஆடிப்போகும். மடங்காத கத்தி வேண்டும், உள்ளங்கை நீளம், அலகின் இரும்பு பிடிக்குள் கடைசிவரை ஓட வேண்டும். பிடி ஆரஞ்சு நிறமாக இருந்தால் புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும். உப்புத் தண்ணீர்ப் பக்கம் போனால் துருப்பிடிக்காத இரும்பு. மீனுக்கு வளைந்து கொடுக்கிற மெல்லிய கத்தி தனியாக. முதலை இருக்கிற ஆறு என்று நான் சொன்னதும், "அதுக்கு எந்தக் கத்தியும் பத்தாது, காலு ரெண்டும் நல்லா இருந்தா போதும்" என்றார். நானும் சிரித்தேன்.

அப்புறம் உன் கடிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பொண்ணா இருக்கு. இதுக்கு அப்பா இல்லையா? இதெல்லாம் அவர் சொல்லித்தர மாட்டாரா?" என்றார்.

கெரின் உங்கள் மகள் என்று சொன்னேன். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகச் சிரித்தார். "எனக்கு மக இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?"

அவர் பையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்து, அலகைத் துடைத்து மடக்கி, இதை அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிடு என்றார். ஒரு காசு கேட்டு வாங்கிப் பிடியில் ஒட்டினார். கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும், அந்தக் காசை அவள் விலையாகத் திருப்பித் தர வேண்டும் என்று எனக்கே விளக்கினார்.

மறுநாள் காலையில் வாசல்வரை வந்து பையைத் தடவினார். தடவித் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. கத்தியை எடுத்துவந்து நீட்டினேன். வாங்கவில்லை. "இது என்னோடது இல்லம்மா, அந்தப் பொண்ணோடது" என்றார். அதன்பிறகு அவர் வெளியே கிளம்பவில்லை.

கத்தியை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். கூர் தீட்டிய கத்தி, பார்த்துப் பிரி. பயணத்தை நிறுத்தாதே; போய் மீன் பிடி, நெருப்பு மூட்டு, சந்தோஷமாக இரு. கடவுள் துணை இருப்பார்.

அந்தக் காசை மட்டும் தபாலில் அனுப்பாதே, கண்ணே. நீயே கொண்டுவந்து அவர் கையில் கொடு. குளிர் முற்றுவதற்குள் வா. யாரென்று கேட்டால், கத்தி வாங்கிய பெண் என்று சொல், போதும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா
க்ளெனிஸ்