மூடிக் கிடந்த கடையின் படியில்

அன்புள்ள அக்கா,

இறந்துபோனவர்களுக்குக் கொடுத்த வாக்கை எத்தனை காலம் காப்பாற்ற வேண்டும்? சாயங்காலத்திலிருந்து யோசிக்கிறேன்.

நாளை காலை உங்களுக்குப் படத்திறப்பு. முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் முடிந்ததும், ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில். அதற்கு அடித்த பிளெக்ஸ் இப்போது என் வீட்டு முன்னறையில் சுருட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. மண்டபத்துக்கு என் வீடுதான் பக்கம் என்று உங்கள் மகள் ஜெபா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். புது பிளெக்ஸின் வாடை, பெயின்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்தது போல, வீடு முழுக்க நிற்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.

பிரித்துப் பார்த்தேன். நீங்கள் ஒருநாளும் வைத்திராத வெள்ளைத் தொப்பியைக் கடைக்காரன் உங்கள் தலையில் வைத்திருக்கிறான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். கன்னத்தை வெளுத்துவிட்டான். கீழே கொட்டை எழுத்தில், ‘அஞ்சா நெஞ்சம்’. நீங்கள் பார்த்திருந்தால், “இது யாருட்டி, நம்ம ஊருக்கு மாத்தலாகி வந்த புது நர்ஸா?” என்று என்னைக் கேட்டிருப்பீர்கள்.

ஜெபா உடனே கிளம்பவில்லை. திருநெல்வேலியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறாள் அல்லவா, கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருக்கிறது.

“சித்தி, நாளைக்கு இது முடிஞ்சதும் வேலைய விட்டுருதேன்.”

“என்னாச்சு?”

“வார்டு கதவத் தள்ளவே பயமா இருக்கு. நேத்து ஒரு பெரியவருக்கு ஊசி போடப் போறேன், அவரு என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘பயப்படாதம்மா, ஒண்ணும் ஆகாது’ங்காரு. யாரு யாருக்குச் சொல்லணும், சொல்லுங்க.”

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“எல்லாரும் அம்மா மாதிரி, அம்மா மாதிரின்னு சொல்லுதாங்க. எனக்கு அந்தத் தைரியம் வரல சித்தி. எங்கம்மா ஒருநாளாவது பயந்துருக்காங்களா? நீங்கதான கூடவே அலஞ்சீங்க.”

“காப்பி ஆறுது, குடி” என்றேன்.

அந்தக் கொரோனா நாள் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் ஆசிரியர்களையும் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பினார்கள். சுகாதார நர்ஸான உங்களோடு என்னைப் போட்டார்கள். விசைத்தறித் தெருவுக்கு வந்தோம். தறி ஓடாத அந்தத் தெருவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த அமைதியில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து இருமலும், மூச்சை இழுக்கிற சத்தமும் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து ஒரு பெண் சொன்னாள்: “சிஸ்டர், தறிக்கார அண்ணாச்சி. மகன் திருப்பூர்ல. ரெண்டு நாளா இப்படித்தான் கெடக்காரு. யாரும் உள்ள போகல.”

ஆம்புலன்ஸுக்குப் பேசினீர்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

“நான் போகமாட்டேன்” என்றீர்கள். “எனக்குச் சுகர் இருக்கு. வீட்டுல பொம்பளப் பிள்ள இருக்கு. என்னால முடியாது.” சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். மெயின் ரோட்டில், ஷட்டர் போட்டுக் கிடந்த பிரியாணிக் கடையின் படியில் உட்கார்ந்தீர்கள். முகக்கவசத்தை இறக்கியபோது மூக்கின் மேல் அதன் தடம் சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை மூடியைத் திறக்காமலே வாய்க்குக் கொண்டுபோனீர்கள். நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். அழுதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு, “இங்கன வரைக்கும் கேக்குதேட்டி” என்றீர்கள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த மூச்சுச் சத்தம் இரண்டு தெரு தள்ளி எப்படிக் கேட்கும்?

ஷட்டரில் கையூன்றி, “ஆண்டவரே” என்று முனகிக்கொண்டு எழுந்தீர்கள். நடக்கும்போது சொன்னீர்கள்: “இத ஜெபாகிட்ட மட்டும் சொல்லிராத மக்கா. அவ என்னையப் பெரிய இவளாக்கும்னு நெனச்சுக்கிட்டு இருக்கா.” சரி என்றேன்.

அப்புறம் நடந்ததை ஊரே சொல்கிறது. நீங்கள் உள்ளே போனது, அவரைத் தோளில் சாய்த்து வாசலுக்குக் கொண்டுவந்தது, பூ மார்க்கெட் லோடு ஆட்டோவை வரவழைத்து ஏற்றியது. ஊர் சொல்லும் கதையில் அந்தப் படி மட்டும் இல்லை. கொஞ்சமும் யோசிக்காமல் பாய்ந்தீர்களாம்.

நான் யாரையும் அண்ணாந்து பார்க்கிற ஆள் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் எல்லாருடைய சுவரிலும் யாராவது ஒரு தலைவரோ நடிகரோ இருந்தார்கள். என் சுவரில் நாள்காட்டி தொங்கியது. மேடையில் பெண் விடுதலை பேசிய பேராசிரியர் வீட்டில் மனைவியை அதட்டியதைப் பார்த்த பிறகு, இருந்த கொஞ்ச மதிப்பும் போயிற்று. உங்கள் விஷயத்தில் மட்டும் அந்தக் கசப்பு வரவில்லை. மற்றவர்கள் உங்களை வாசலில் பார்த்தார்கள். நான் படியில் பார்த்தேன்.

எனக்கும் இப்போது களைப்பாக இருக்கிறது அக்கா. சுகம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளையும் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. வகுப்புக்குப் போகுமுன் மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன். அப்போதெல்லாம் ஷட்டரில் ஊன்றிய உங்கள் கை நினைவுக்கு வருகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறேன். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான். அதை ஜெபாவுக்குக் கொடுக்கக் கூடாது என்றுதானே வாக்கு வாங்கினீர்கள்?

நேற்று இரவு இதோடு நிறுத்திவிட்டேன். இன்று நடந்ததையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போதகர் ஐயா படத்தைத் திறந்து, பயம் என்பதையே அறியாதவர் என்றார். ஜெபா தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். தறிக்கார அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். “எல்லாரும் என்னென்னமோ சொல்லுதாங்க. அந்தம்மா என்னைய வைஞ்சுக்கிட்டேதான் தூக்குச்சு. ‘சாவுததுக்கு இன்னைக்குத்தான் நேரம் பாத்தீரா வே’ன்னு கேட்டுச்சு.” மண்டபம் சிரித்தது. கூட்டம் கலைந்ததும் பிளெக்ஸை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தறிக்கொட்டகை ஒழுகுகிறதாம். “படம் உள்பக்கம் தெரியுத மாதிரி போட்டுக்கிடுதேன்” என்றார்.

ஜெபாவைக் கூட்டிக்கொண்டு பிரியாணிக் கடைக்கு நடந்தேன். மத்தியானக் கூட்டம். படியில் ஓரமாக இடம் இருந்தது. அங்கே வைத்துச் சொன்னேன், எதையும் விடாமல்.

அவள் முதலில் கோபப்பட்டாள். “இத்தன நாளா ஏன் சொல்லல?”

“அம்மா சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

“எவ்வளவு நேரம் உக்காந்துருந்தாங்க?”

“தண்ணி குடிச்சு முடிக்குத வரைக்கும்.”

அவள் படியைத் தடவிப் பார்த்தாள். பிறகு விசைத்தறித் தெருப் பக்கம் காதைத் திருப்பினாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“இங்கன இருந்தா தறிச் சத்தம் தவிர ஒண்ணும் கேக்கலியே சித்தி.”

“அன்னைக்கு எனக்கும் கேக்கல.”

வேலையை விடுவாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நைட் டூட்டி இருக்கு, வாரேன்” என்று எழுந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். திருநெல்வேலி வண்டியில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.