சாயம் என்று நினைத்த சிவப்பு

அருப்புக்கோட்டை,
10-3-1973.

அன்பு மகன் ரங்கராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாயிருக்க சௌடேஸ்வரி துணை நிற்கட்டும். இங்கே யாவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதக் கை தானாகப் போகிறது, ஆனால் அது பொய், மூன்று வாரமாக உனக்குப் பதில் போடாமல் இருந்ததும் அந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கால் விரலிடுக்கு வெந்து தோல் உரிகிறது, சாக்ஸைக் கழற்றினால் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரன் மூக்கைப் பிடிக்கிறான், ஹாக்கி ஆடுகிறவன் கால் அப்படித்தான் இருக்கும், மார்ச் இருபதாம் தேதி மேட்ச் முடியும்வரை பிசிகல் டைரக்டரிடம் மூச்சு விடமாட்டேன் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொங்கலுக்கு வந்தபோதும் உனக்கு அந்தப் புண் இருந்ததல்லவா. அதே காலோடு போட்டுக் கழற்றிய கான்வாஸ் ஷூவை ஈரத்தோடு கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் புது ஷூவோடு பஸ் ஏறினாய். பழசை உன் தங்கை நாகமணி எடுத்துப் போட்டுக்கொண்டாள். திருச்சுழியில் தாலுகா பூப்பந்துப் போட்டி, எல்லாப் பிள்ளைகளும் வெறுங்காலோடு ஆட, தான் மட்டும் அண்ணன் ஷூ போட்டு ஆடவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஷூ பெரிது. முன்னால் கழிவு நூலைத் திணித்துக்கொண்டாள், தறிக்குழிப் பக்கம் கிடந்த சிவப்பு நூல். சாயங்காலம் துவைப்பாள், காலையில் காயாமலே மாட்டிக்கொள்வாள். இரண்டு வாரம் இப்படி.

நம் வீட்டில் யார் கைகாலில் சாயம் இல்லை சொல். அவள் இடது கால் விரல்கள் சிவந்திருந்ததை நான் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. நூல் சாயம் இறங்கியிருக்கிறது என்றே நினைத்தேன். எரியுதும்மா என்றாள். சாயம் எங்கேயாவது எரியுமா, தறிக்குப் பாவு நூல் நீட்டும் வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறாயா என்று கேட்டு, முற்றத்தில் உட்காரவைத்துத் தேங்காய் நாரும் சோப்பும் போட்டு நானே தேய்த்தேன் ரங்கா. கத்தினாள். தலையில் ஒரு குட்டு வைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். இன்டர்மீடியட்டில் விலங்கியல் படித்தவள் உன் அம்மா. சோப்பு நுரை சிவப்பாக வந்தது, சாயம் போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் போட்டியில் ஆடி ஜெயித்துக் கோப்பையோடு வந்தாள். அதற்கடுத்த நாள் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டோம். அறுந்த இழையை முடிந்துகொண்டே அந்தக் காலோடு சாணிப் புழுதியில் நாள் முழுக்க மேலும் கீழும் நடந்தாள். நொண்டியதைப் பார்த்து, பாவு இறங்கட்டும், பெறகு பாத்துக்கலாம் என்றார் உன் அப்பா. நானும் சரி என்றேன். நாலாம் நாள் காய்ச்சலில் பிதற்றினாள், பாதம் கறுத்துவிட்டது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சுண்டுவிரலையும் அதற்கடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். விரலிடுக்கில் உனக்கு இருப்பதே அவளுக்கும் தொடங்கியது, நார் போட்டுத் தேய்த்ததில் தோல் கிழிந்து விஷம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். அண்ணனுக்கு எழுதாதேம்மா, ஷூவை நெனச்சு அழுவான் என்றாள் அவள். நான் எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

உன் சௌடம்மாள் அத்தை பார்க்க வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டு, ரெண்டு வெரலு கொறஞ்ச பிள்ளைய எவன் கட்டுவான், தறி மிதிக்கத்தான் லாயக்கா என்றாள். படுத்திருந்தவள் தலையைத் தூக்கி, மெட்டி போடுற வெரலு இருக்குல்ல அத்த, அது போதும் என்றாள். அத்தை அன்று காபி குடிக்காமலே போய்விட்டாள். விரலை எடுத்தபோது அழாத பிள்ளை, உன் ஷூவை நான் அடுப்பில் போட்டு எரித்த அன்று அழுதாள். கழுவிக் காயவைத்து உனக்கு அனுப்பலாம் என்று எடுத்து வைத்திருந்தாளாம்.

இனிமேல் நான் சொல்வதைக் கேள். விளையாடி வந்ததும் காலைக் கழுவு, கழுவினால் போதாது, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து உலர விடு. சாக்ஸ் இரண்டு ஜோடி மாற்றிப் போடு, ஷூவை வெயிலில் வை, உன் துண்டை எவனுக்கும் கொடுக்காதே, எவனுடையதையும் தொடாதே. கொப்புளத்தைக் கிள்ளாதே. எதைப் போட்டும் தேய்க்காதே. ஆனால் இதெல்லாம் இனி நோய் வராமலிருக்க. இப்போது இருப்பதற்கு டாக்டர்தான். நீ போகமாட்டாய், இருபதாம் தேதி, இருபதாம் தேதி என்று ஒளித்துத் திரிவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உன் பிசிகல் டைரக்டருக்கு முந்தாநாளே கடிதம் போட்டுவிட்டேன். டாக்டர் பார்த்துச் சரி என்று எழுதித் தரும்வரை உன்னை மைதானத்தில் இறக்கக் கூடாது என்று, நாகமணி கதையையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இது உன் கைக்கு வரும்போது அணியிலிருந்து உன் பெயரை எடுத்திருப்பார்கள். இரண்டு வருஷமாக நீ காத்திருந்த மேட்ச் என்று தெரிந்துதான் செய்தேன்.

நாகமணிக்குத் தனியாக எழுது. ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், கோப்பையைப் பற்றிக் கேள். வீட்டில் யாரும் அதைப் பற்றி அவளிடம் இன்னும் கேட்கவில்லை. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். என் ஆசீர்வாதமும் உண்டு, வேண்டுமானால் எடுத்துக்கொள். என்னை எத்தனை வருஷம் வெறுத்தாலும் சரி, பத்து விரலோடு வெறு.

உன் அம்மா,
ரத்தினம்