கடையில் வாங்கிய கீரை

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். நாலு மணிக்குச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் வாயால் நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

தூக்கம் வரவில்லை என்று போனதற்கு டாக்டர் சுகாதார நிலையத் தோட்டத்தில் வேலை செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தாரே, அங்கே நான் ஒரு நாள்கூடப் போகவில்லை. மாத்திரைதான் எழுதியிருக்கிறார் என்று சீட்டை மருந்துக் கவுண்டரில் நீட்டினேன். "செவ்வாய், வெள்ளி தோட்ட வேலை, நாலு பேரோட பேச்சு. இதெல்லாம் இங்க ஸ்டாக் இல்ல பெரியவரே" என்று கவுண்டர் பையன் சத்தமாகப் படித்தான். வரிசையே சிரித்தது. அப்புறம் அந்த வாசலை மிதிக்கக் கால் வரவில்லை. தோட்டத்துக்கு என்று கிளம்பி, ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நான் கொண்டுவந்த கீரை கடையில் வாங்கியது. "நீங்க வளர்த்ததுப்பா, ருசியே தனி" என்று நீ தட்டை வழித்துச் சாப்பிட்டபோது என் பங்கையும் உன் தட்டில் வைத்துவிட்டேன்.

இன்றைக்குத் தோட்டத்துக்குப் போகிறேன். வெறுங்கையோடுதான் வருவேன்.

அப்பா

சாவி எதிர்வீட்டில்.

இன்னொன்று. செருப்பில் இருந்த சேறு நம் வீட்டுக் குழாயடிச் சேறு. அதையும் நீதான் கழுவி வைத்தாய். இன்றைக்கு ஒட்டுவதை நானே கழுவிக்கொள்கிறேன்.