பாதிக் குடைமிளகாய்

நீஷ் நகரம்,
நவம்பர் 12

செல்ல மகளுக்கு,

நாங்கள் நலம். ஓராண்டுப் பள்ளிப் பரிமாற்றத்தில் நீ ஜப்பானுக்குப் போக, அங்கே நீ தங்கியிருக்கும் வீட்டுப் பெண் யுகாரி இங்கே வந்து உன் கட்டிலில் படுத்துக்கொள்கிறாளே, அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வந்த நாளிலிருந்து தட்டில் ஒரு துணுக்குகூட விடமாட்டாள். காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? இன்னும் வைத்தேன். அதையும் முடித்தாள். இரண்டே மாதத்தில் அவள் பாவாடைப் பொத்தான் தெறித்து உன் அப்பாவின் சூப்பில் விழுந்தது.

நேற்று அழுதேவிட்டாள். "மிச்சம் வச்சா சமைச்சவங்களுக்கு அவமானம்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. அதான்மா சாப்ட்டுக்கிட்டே இருக்கேன்."

"அடிப் பாவி, தட்டு காலியானா இன்னும் வேணும்னுதான் இங்க அர்த்தம்," என்றேன். உன் அப்பா சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது.

இன்று கறி அடைத்த குடைமிளகாயில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள், அச்சு அசலாக உன்னைப் போல. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, "எவ்வளவு நேரம் நின்னு சமைச்சேன் தெரியுமாடி" என்று உன் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டேன். அவள் திருத்தவில்லை. உட்கார்ந்து மீதியையும் சாப்பிட்டாள்.

அங்கே அவள் அம்மா முகம் வாடாமல் தட்டைக் காலி செய். ஆனால் அதையே பழக்கமாக்கிக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்ததும் பாதியை மிச்சம் வை.

திட்டக் காத்திருக்கும்,
அம்மா