சிவப்பு ஓரம் வைத்த போர்வை

ஜூன் 2, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். மழை பிடித்துக்கொண்டதால் மதியம் அங்கேயே படுத்தேன். குளிருகிறது என்றதும் கடையில் வாங்கிய பச்சைக் கம்பளியைக் கொண்டுவந்து போட்டாள். "நான் தைச்சுக் கொடுத்தது எங்கே?" என்றேன். பீரோவைத் திறந்து காட்டினாள். பிளாஸ்டிக் உறைக்குள், சுற்றிலும் அந்துருண்டையோடு படுத்திருந்தது. "அவ்வளவு அழகா இருக்குண்ணே, அதை எடுத்து எப்படிப் போர்த்திக்கிறது?" என்கிறாள்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். மனைவியின் அண்ணன் வீட்டில் கண்ணாடி அலமாரி. சூப்பர்வைசர் வீட்டில் நான் கட்டிய ரிப்பனையே இன்னும் பிரிக்கவில்லை. சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு பரப்பி, அடித்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்து முடிப்பதற்குள் முதுகு விட்டுப்போகிறது. இத்தனையும் பீரோவுக்கா?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊசி நூலோடு என்ன வேலை என்று மச்சான் இன்றைக்கும் கேட்டான். என்ன சொல்ல? பழைய தையல் மெஷினைச் சரிபண்ணி விற்கலாமென்று வாங்கினேன். ஓடுகிறதா என்று பார்க்கக் கிழிந்த சட்டைகளை வெட்டி ஒட்டினேன். மெஷின் விலைபோகவில்லை, நான்தான் போய்விட்டேன்.

எனக்கு இருப்பது ஒரே ஆசை. யாராவது ஒருத்தர் அதைப் போர்த்திக்கொண்டு, வாயோரம் எச்சில் வழிய, அடித்துப் போட்ட மாதிரி தூங்க வேண்டும்.

போன வாரம் சம்பந்தியம்மாவின் புது வீட்டுக்குக் கொடுத்ததும் இந்நேரம் உறைக்குள் போயிருக்கும். அவர், என் மகள் பாப்பாவின் மாமியார், பல் டாக்டர். கிளினிக்கும் வெள்ளை, வீடும் வெள்ளை. சோபா, திரை, விரிப்பு எல்லாமே. உள்ளே நுழைந்தால் எனக்குத் தானாக வாயைத் திறக்கத் தோன்றுகிறது. அந்த வீட்டுக்கு ஏற்றாற்போல் வெள்ளையும் சிவப்புமாகத் தைத்தேன். நான் தைத்ததிலேயே அழகானது அதுதான். அதனாலேயே அதற்கு ஆயுள் தண்டனை.

ஜூன் 8, சனி

மிச்சமிருந்த சிவப்புத் துணியில் சூடான பாத்திரம் பிடிக்க இரண்டு பிடிதுணி தைத்தேன். சமையலறையில் எண்ணெய் பட்டதும், துணியோடு துணியாக வாஷிங் மெஷினில் போட்டேன். உள்ளே என் மனைவியின் நர்ஸ் உடுப்பு இருந்தது. வெளியே வந்தது ரோஸ் உடுப்பு.

"நாளைக்கு டியூட்டிக்கு இதைப் போட்டுக்கிட்டுப் போனா, வார்டுல எல்லாரும் ஐஸ்கிரீம் கேப்பாங்க!"

ஊரே அவளை சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிடுகிறது. எனக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. இன்றைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடவும் தைரியமில்லை. ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது வாயில் உறைத்தது. அதே சிவப்புதானே சம்பந்தியம்மா போர்வையிலும்?

புதுத் துணி வாங்கினால் முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சாயம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றி, காயவைத்த பிறகுதான் கத்தரியே தொட வேண்டும். எனக்குத் தெரியாதா? ஆனால் நான் தைப்பது எப்போதும் பழைய துணியில். நூறு தடவை வெளுத்த சட்டைக்கு ஊறல் எதற்கு? அந்தப் பழக்கத்தில், இந்த ஒரு சிவப்பைக் கடையிலிருந்து வாங்கி நேரே வெட்டிவிட்டேன். நாலு ஓரமும் அதுதான். ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுரங்களும் அதுதான். மீதி வெள்ளைச் சதுரமெல்லாம் இவளுடைய பழைய யூனிஃபார்ம்.

முட்டாள். முட்டாள். முட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் மனசைத் தேற்றிக்கொண்டேன். யார் எடுக்கப் போகிறார்கள்? யார் துவைக்கப் போகிறார்கள்? பிளாஸ்டிக் உறையைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். எதற்கும் இருக்கட்டும் என்று பாப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன். அத்தை அதை விடவே மாட்டேங்கிறாங்க! தூங்கும்போது அதுதான், டிவி பார்க்கும்போது மடியில அதுதான். நேத்து நான் கொஞ்சம் போர்த்திக்கிட்டேன், பிடுங்கிட்டாங்க."

ஒருத்தர் போர்த்திக்கொள்கிறார்! நான் தைத்ததை ஒருத்தர் பிடுங்கிப் போர்த்திக்கொள்கிறார்! தலைகால் புரியவில்லை. போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் போர்த்தினால் அழுக்காகும். அழுக்கானால் அந்தம்மா சும்மா இருப்பாரா?

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது. பசியே இல்லை.

ஜூன் 12, புதன்

"போய் உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்கிறாள் மனைவி. சொல்வது லேசு. பாப்பா அந்த வீட்டுக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சம்பந்தியம்மா நல்லவர்தான், ஆனால் மேஜையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் துடைக்கிற ஆள். இப்போதுதான் இரண்டு பேரும் சேர்ந்து டிவி பார்க்கிற அளவுக்கு வந்திருக்கிறார்கள். வீட்டு வெள்ளையெல்லாம் ரோஸானால் சொல் யாருக்கு விழும்? எனக்கா? நான் அங்கேயா இருக்கிறேன்?

சரி, ஒளிப்பானேன் — இன்னொன்றும் உண்டு. எத்தனையோ வீட்டில் ஒரே வீட்டில்தான் என் போர்வை உயிரோடு இருக்கிறது. அதையும் நானே கொல்ல வேண்டுமா?

ஜூன் 14, வெள்ளி

முதுகுவலி. தைக்கவில்லை. யோசித்ததில் ஒரு வழி கிடைத்திருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

வழி நாசமாய்ப் போயிற்று.

ஊசி நூல் டப்பாவோடு நானும் மனைவியும் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனோம். "ஒரு தையல் சரியா விழலைன்னு ஞாபகம். எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணிக் கொடுத்திடுறேன்" என்றேன். வீட்டில் வைத்து, சாயம் வெள்ளையில் ஏறாமல் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போட்டு, நாலு நாள் கழித்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு.

"எந்தத் தையல்? காட்டுங்க சம்பந்தி."

கிளினிக் டார்ச்சை எடுத்துவந்து, ஒரு கோடி முதல் மறுகோடி வரை சொத்தைப் பல் தேடுகிற மாதிரி தேடினார். நான் பக்கத்தில் அசடு வழிந்துகொண்டு நின்றேன். "ஒரு குறையும் இல்ல. பொய் சொல்றீங்க. திரும்ப வாங்கி வேற யாருக்காவது கொடுக்கப் போறீங்களா? தர மாட்டேன், சொல்லிட்டேன்" என்று மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லைங்க, அப்படின்னா... துவைக்க மட்டும் வேண்டாம். துவைக்காம இருந்தா ரொம்ப நாள் உழைக்கும்" என்றேன்.

துவைக்காமலா! நான் பல்லே தேய்ப்பதில்லை என்று சொல்லியிருந்தாலும் அந்த மாதிரி பார்த்திருக்க மாட்டார். அந்தப் பார்வையில் என் கை ஆடியது. கையில் இருந்தது காபி. விழுந்த இடம் போர்வை.

நானே கொட்டினேன். என் கையாலேயே.

"ஐயோ பரவாயில்ல சம்பந்தி, பதறாதீங்க, மெஷின்ல போட்டா போயிடும்." "வேண்டாம், நான் எடுத்துட்டுப் போய்—" "வீட்டுக்கு வந்தவங்களைத் துவைக்க வைப்பாங்களா? நல்லா இருக்கே!" போர்வையோடு உள்ளே போய்விட்டார்.

திரும்பும்போது பின்சீட்டில் இவள் சிரித்த சிரிப்பில் பைக்கே ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை.

ஜூன் 19, புதன்

பாப்பா குசுகுசுவென்று பேசினாள். மாடிப்படியில் நின்று பேசுகிறாளாம். "அப்பா, அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. போர்வை மொத்தமும் ரோஸாயிடுச்சு. கூடவே போட்ட விரிப்பு, தலகாணி உறை எல்லாமே ரோஸ்."

"உன்னை ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"என்னையா? அவங்கதான் அழுறாங்க! தண்ணி சூடா வச்சதாலதான் இப்படி ஆச்சாம். ஒரு மனுஷன் பார்த்துப் பார்த்துத் தைச்சதைக் கெடுத்துட்டேனே, இனிமே அவர் முகத்துல எப்படி முழிப்பேன்னு கிளினிக்குக்கே போகலை. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. போர்வையைப் பீரோவுல மேல்தட்டுல வச்சுப் பூட்டிட்டாங்க."

பீரோ. கடைசியில் அதுவும் பீரோவுக்கே போய்விட்டது.

மனைவியிடம் சொன்னேன். "அப்போ தப்பிச்சுட்டீங்க. வாயை மூடிக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள், முகத்தைப் பார்க்காமல். அவள் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பழி பாப்பா மேல் விழவில்லை, என் மேலும் விழவில்லை. ஒன்றும் செய்யாத அந்தம்மா மேல் விழுந்திருக்கிறது. அதுவும் தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ச்சே. தப்பிச்ச மாதிரியா இருக்கு?

ஜூன் 21, வெள்ளி

லிஃப்ட்டுக்குள் பெரியவர் ஒருவர் மாட்டிக்கொண்டார். வெளியே நின்று, "பயப்படாதீங்க, இதோ திறந்துடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்ல மட்டும் ஏன் இத்தனை யோசனை? ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

மிச்சச் சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். சம்பந்தியம்மா கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "போர்வை நல்லா இருக்கு சம்பந்தி. பத்திரமா இருக்கு" என்று அவரே ஆரம்பித்தார். பாவமாக இருந்தது.

"ஒரு கிண்ணத்துல பச்சைத் தண்ணி கொடுங்கம்மா" என்றேன். வெள்ளைக் கிண்ணம் வந்தது. துணியை அதில் அமுக்கினேன். கண்ணெதிரே தண்ணீர் சிவந்தது. சொல்லி முடித்தேன்: ஊறப்போடாதது, தெரிந்தும் ஒளித்தது, ஊசி டப்பா நாடகம், எல்லாமே.

கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தை.

"அப்போ... வெந்நீர் இல்லையா?"

"இல்லைங்க. நான்தான்."

"நான் ஒழுங்கா தூங்கி எத்தனை நாள் ஆச்சு தெரியுமா!" என்று பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி. இனிப்பைத் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் வந்த பையனைத் திட்டுகிற திட்டு. நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். சமையலறை வாசலில் பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியுமா?"

"போர்வை ரோஸானது தெரியும் அத்தை. அப்பா பண்ணினது சத்தியமா தெரியாது."

"ஏன் சம்பந்தி, முதல்லயே சொன்னா என்ன? என்னைப் பார்த்தா அவ்வளவு பயமாவா இருக்கு?"

"கொஞ்சம்" என்றாள் பாப்பா.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சம்பந்தியம்மா உள்ளே போய், மேல்தட்டிலிருந்து போர்வையை எடுத்துவந்து சோபாவில் விரித்தார். வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ஒரே மாதிரி ரோஸாகியிருந்தன. திட்டுத் திட்டாக இல்லை, சீராகத்தான் பிடித்திருந்தது.

"ஈறு கலர்" என்றார் பல் டாக்டர். "நல்ல ஆரோக்கியமான ஈறு இந்தக் கலர்லதான் இருக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பாப்பா அவர் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். வேறு ஒன்று தைத்துத் தருகிறேன் என்றேன். "ஒண்ணும் வேண்டாம். போன தடவை காபி பட்டதும் எனக்கு நெஞ்சு பதறிடுச்சு. இனிமே எது கொட்டினாலும் கவலை இல்ல, பாருங்க" என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

தங்கைக்குப் போன் பண்ணி, உன் போர்வையில் நானே வந்து காபி கொட்டட்டுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் சம்பந்தியம்மாவின் போன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"சம்பந்தி, கிழிஞ்சு போச்சு!"

"எது?"

"போர்வைதான், வேற எது? தலைமாட்டு ஓரம் பூரா நைஞ்சு பஞ்சு வெளியே வந்துடுச்சு. வாராவாரம் துவைக்கிறேன்ல. ராத்திரி நானும் உங்க பொண்ணும் சோபாவுல ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம், அதுவும் ஒரு காரணம். புதுசெல்லாம் வேண்டாம், ஊசி நூலோட இன்னிக்கே வாங்க. அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது."

நான் தைத்ததில் முதன்முதலாகக் கிழிந்தது இதுதான். மனைவியை எழுப்பிச் சொன்னேன். "கிழிஞ்சதுக்கு இப்படிச் சிரிக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றாள்.

நூல் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ரோஸ் நூல் தேடிக்கொண்டிருக்கிறேன்.