உச்சியில் இருந்த கோணம்

இன்று காலை ஆபீஸில் பென்சில் சீவினேன். அந்த மரச்சீவலின் வாசனை உன்னைக் கொண்டுவந்து மேஜைக்கு எதிரே நிறுத்திவிட்டது. நீ கண்ணை மூடிவிட்டதாக உன் தம்பி கல்யாணிலிருந்து எழுதிய கார்டு வந்து பத்து நாளாகிறது. அவனுக்குப் பதில் போடக் கை வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

மாதுங்காவில் நம் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கம்பெனியில் டிராயிங் வேலை. உனக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. எனக்குத் திரிகோணமிதி என்றாலே வேப்பங்காய். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்த பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் காஸ், எதிர்ப்பக்கத்தை அடுத்த பக்கத்தால் வகுத்தால் டான் என்று மந்திரம் போல ஒப்பிப்பேன். முக்கோணத்தைத் திருப்பிப் போட்டால் திருதிருவென்று முழிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தோளைப் பிடித்து வாசலில் நிறுத்தினாய்.

“ஜன்னல் எங்கேடா இருக்கு?”

“எதிர்லே.”

தரதரவென்று இழுத்துப்போய் ஜன்னலை ஒட்டி நிறுத்தினாய். “இப்போ?”

“பக்கத்திலே.”

“ஜன்னலா நகர்ந்தது? நீதானே நகர்ந்தே! எந்தக் கோணத்திலே நின்னுண்டு பார்க்கறேன்னு முதல்லே தீர்மானம் பண்ணு. அப்புறம் சைனா, காஸான்னு கேளு.”

முக்கோணம் சின்னதோ பெரிதோ, கோணம் மாறாதவரை அந்த விகிதங்களும் மாறாது என்றாய். எல்லாம் புரிந்துவிட்டதாகத் தலையை ஆட்டினேன்.

இரும்பை எந்த நீளத்துக்கு வெட்டவேண்டும் என்று பட்டறைக்குப் போகும் வெட்டுப் பட்டியலில் சரிபார்த்தவன் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். கணக்குப் போட்டவன் பெயர் இராது. சாயங்கால லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நாம் ஒருவர் பட்டியலில் ஒருவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். சிநேகிதம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தோம்.

ஒரு நாள் ஒரு ஷெட்டின் கூரைக்கு நான் பட்டியல் போட்டேன். நடுக்கம்பத்தின் உயரம் எட்டடி, கோணம் ஐம்பது டிகிரி. சாய்வுச் சட்டத்தின் நீளம் வேண்டும். சைன் போட்டு எட்டை வகுத்தேன். நீ கையெழுத்துப் போட்டாய், வண்டியைப் பிடித்தோம்.

யுத்த காலம்; பர்மிட் இல்லாமல் இரும்பு கிடைக்காது. வெட்டிய சட்டங்கள் அத்தனையும் இரண்டடி குறைவு. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, பட்டியலை உன் முன்னால் போட்டார்.

“பார்க்காம கையெழுத்துப் போட்டேன் சார். தப்புதான்” என்றாய்.

கணக்கும் உன்னுடையதுதானா என்று கேட்டார். நீ பேசவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் சொல்ல வேண்டியதை நானே சொல்லட்டும் என்று விட்டுவைத்தாய். நான் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே உனக்குச் சீட்டுக் கிழிந்தது.

மறு வருஷம் மாதுங்கா ஸ்டேஷனில் உன்னைப் பார்த்தேன். இளைத்து, இருமிக்கொண்டு இருந்தாய். கல்யாணில் ஏதோ கிடங்கில் வேலை என்றாய். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

“அந்த அம்பது டிகிரி எங்கேடா இருந்தது? அப்புறம் பார்த்தியோ?”

“உச்சியிலே. கம்பத்துக்கும் சட்டத்துக்கும் நடுவிலே. நான் அடியிலேன்னு நினைச்சுட்டேன்.”

“அப்போ எட்டடி அடுத்த பக்கம்னா ஆறது?”

“ஆமாம். காஸ் போட்டிருக்கணும்.”

“புரிஞ்சுடுத்தோல்லியோ, போறும்” என்று சிரித்தாய். வண்டி வந்தது, ஏறிவிட்டாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கணக்கு புரிந்ததற்குச் சந்தோஷப்பட்டாயே, அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இப்போது சரிபார்க்கிற மேஜை என்னுடையது. ஒவ்வொரு பட்டியலையும் முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறேன். வண்டி போனால் போகட்டும். உன் தம்பியின் கார்டு வந்த மூன்றாம் நாள், அதே மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டி, இவரைப் போல் பொறுப்பான ஆள் இந்த ஆபீஸில் கிடையாது என்றார். அந்தக் கணக்கு என்னுடையது என்று சொல்வதற்கு எனக்கு இன்னொரு தடவை சந்தர்ப்பம் கிடைத்ததுடா. “தாங்க் யூ, சார்” என்றேன்.